மாடு நின்ற இடத்தில் வீடு: மாற்றிக் கட்டியவர்கள் பட்டதைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். எங்களுடையது கீழே மாடு, மேலே பரணில் வைக்கோல் என்று இருந்த பழைய கல் கட்டடம். வாங்கும்போது அண்ணாந்து பார்த்ததோடு சரி. உத்திரமும் கைமரமும் அந்த உயரமும் ஆளை மயக்கிவிட்டன. சுவரின் அடி 3 அடியை யார் பார்த்தார்கள்?

எத்தனையோ தலைமுறை மாடுகள் நின்ற சுவர். சாணமும் மூத்திரமும் உள்ளே ஊறி நைட்ரேட் உப்பாகத் தங்கியிருக்கிறது. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையே இழுக்குமாம். கூரை ஒழுகவில்லை, குழாய் உடையவில்லை, ஆனாலும் மழை பிடித்தால் சுவர் வியர்க்கும். கூடவே தொழுவ வாடை. நான் செய்த முட்டாள்தனம், அதைச் சிமெண்ட் பூசி மூடியது. இரண்டாம் மழைக்காலத்தில் பூச்சு உப்பிக்கொண்டது. வெளியேற வழியில்லாத ஓதம் மேலே ஏறி 5 அடியைத் தொட்டது.

எல்லாவற்றையும் கொத்தி எடுத்து, சுண்ணாம்புச் சாந்து பூசினோம். முதல் பூச்சு உப்பைக் குடிப்பதற்கு மட்டும். உப்பு வெள்ளையாகப் பூத்ததும் அந்தப் பூச்சைச் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி பூச வேண்டும். "இன்னும் மாடுகள் காலி செய்யவில்லை" என்று வீட்டில் கேலி.

* * *

எங்களுக்குத் தொல்லை மேலே, பரணில். பரணை அறையாக்கினால் குறுக்கு விட்டம் நெற்றியில் இடிக்கிறது. "அறுத்துவிடுங்கள்" என்றேன். தச்சர் பதில் பேசாமல் சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். மேல் விளிம்பு 2 அங்குலம் வெளியே சாய்ந்திருந்தது. கூரைப் பாரம் இரண்டு சுவர்களையும் வெளியே தள்ளுகிறது, இழுத்துப் பிடித்திருப்பதே அந்த விட்டம்தான் என்றார். விட்டம் அப்படியே இருக்கிறது, படிக்கட்டைத்தான் இடம் மாற்றினோம். தலை இன்னும் இடிக்கிறது, துணி சுற்றியிருக்கிறேன்.

* * *

நீங்கள் மேலே போனீர்கள், நாங்கள் உயரம் போதாமல் தரையைத் தோண்டினோம். ஒரு அடி தோண்டியதும் சுவரின் அடிக்கல் தெரிந்தது. அதற்குக் கீழே வெறும் மண்! அஸ்திவாரம் என்று தனியாக ஒன்றும் இல்லை. மண்வெட்டியை அங்கேயே போட்டோம். பிறகு பொறியாளர் சொன்னபடி சுவரடியை ஒவ்வொரு மீட்டராக, அதுவும் அடுத்தடுத்து இல்லாமல் இடம் விட்டு விட்டுத் தோண்டி, கான்கிரீட் போட்டு இறுகவிட்டு நகர்ந்தோம். குழந்தைகள் அதுவரை சமையலறையிலேயே தூங்கினார்கள்.

* * *

முதலில் எழுதியவருக்கு: வாடை முழுசாகப் போய்விட்டதா?

* * *

மழை பிடித்த மூன்றாம் நாள், மாடிப்படிக்கு அடியில் மட்டும் வரும். வருகிற விருந்தாளிகளுக்குத் தெரிவதில்லை. நாய்க்குத் தெரிகிறது, அங்கேதான் போய்ப் படுத்துக்கொள்ளும்.