காலைப் பேப்பரும் கார்த்தியோட நைரோபி வேலையும்

அத்தை: அண்ணா, பேப்பர் பாத்தீங்களா? 'பசியில் வாடும் ஆப்பிரிக்கா'ன்னு அரைப் பக்கம். இவன் நைரோபிக்கு வேலைக்குப் போறேங்கிறான். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல.

பெரியப்பா: வேண்டாம்னு சொல்லிடும்மா. அங்க என்ன இருக்கு?

நான்: பெரியப்பா, முழுசாப் படிச்சேன். அது சூடான் செய்தி. அங்க 2023 ஏப்ரல்லேருந்து உள்நாட்டுப் போர். நைரோபி இருக்கிறது கென்யாவுல. ஆப்பிரிக்காவுல மொத்தம் 54 நாடு இருக்கு. தலைப்புல 'ஆப்பிரிக்கா'ன்னு போட்டதால கென்யா மேல பயம் வந்ததுதான் மிச்சம். சூடான் மக்கள் படுற பாடு யார் மனசுலயும் பதியல. எனக்கு அதுதான் ரொம்ப வலிக்குது.

கார்த்தி: அம்மா, கென்யாவுல 2007லயே எம்-பெசா வந்தாச்சு. சாதா பட்டன் போன்லயே பணம் அனுப்புவாங்க. நம்ம யுபிஐ 2016லதான்.

அத்தை: நெசமாவா? இதையெல்லாம் ஏன்டா பேப்பர்ல போட மாட்டேங்கிறாங்க?

நான்: முக்காவாசி பேப்பருக்கு அங்க நிருபரே கிடையாது அத்தை. செய்தி ஏஜென்சி அனுப்புறதுலேருந்து எடுத்துப் போடுறதுதான். சண்டை, பஞ்சம்னா இடம் கிடைக்கும். சும்மா ஜனங்க வேலைக்குப் போறதும் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறதும் செய்தி இல்ல. லண்டன் 'எகனாமிஸ்ட்' 2000 மே மாசம் அட்டையிலயே 'நம்பிக்கையற்ற கண்டம்'னு போட்டுச்சு. 2011 டிசம்பர்ல அதே பத்திரிகை 'எழும் ஆப்பிரிக்கா'ன்னு அட்டை போட்டுச்சு. திட்டினாலும் புகழ்ந்தாலும் 54 நாட்டுக்கும் சேர்த்து ஒரே வார்த்தை!

பெரியப்பா: வெள்ளைக்காரன் பத்திரிகை அப்படித்தான். மங்கள்யான் போனப்ப நியூயார்க் டைம்ஸ்ல ஒரு கார்ட்டூன் வந்துதே, மறக்க முடியுமா? தலப்பா கட்டின விவசாயி மாட்டைப் பிடிச்சுக்கிட்டு விண்வெளி கிளப் கதவைத் தட்டுற மாதிரி. எனக்கு அப்படியே கொதிச்சுது.

நான்: எனக்கும்தான். 2014. நெறைய வாசகர்கள் எதிர்த்த பிறகு அந்தப் பேப்பர் மன்னிப்புக் கேட்டுச்சு. ஆனா பெரியப்பா, இன்னிக்கு வந்த தலைப்பு நம்ம ஆளுங்க எழுதினது. ஒரு கென்யாக்காரர் இதைப் படிச்சா அவருக்கும் அப்படித்தானே கொதிக்கும்?

பெரியப்பா: ம்... நான் தலைப்போட நிறுத்திட்டேன். உள்ள படிக்கல.

நான்: அந்தத் தலைப்பைப் பத்தி ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதப்போறேன். நீங்களும் கையெழுத்துப் போடுங்க.

பெரியப்பா: எழுதிட்டு அனுப்பு. போடுறேன்.

அத்தை: கார்த்தி, அங்க வெயில் கொளுத்துமேடா. பருத்திச் சட்டையா எடுத்து வைக்கவா?

கார்த்தி: அம்மா, நைரோபி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்துல இருக்கு. ஜூலையில நல்லாக் குளிரும். ஸ்வெட்டர் வேணும்.

அத்தை: ஸ்வெட்டரா! எத்தனை?