கார்ன் ஸ்நேக் குட்டி: அமெலா, அல்ட்ராமெலா?

கேள்வி: பொரித்து மூன்று வாரமான கார்ன் ஸ்நேக். ஆரஞ்சு உடல், சிவப்புத் திட்டுகள், திட்டு ஓரங்களில் லேசான சாம்பல். வயிற்றில் கட்டங்கள் இல்லை. அமெல் (கறுப்பு நிறமி இல்லாத வகை) என்று விற்றார்கள். சரிதானா?

பதில் 1: சாம்பல் இருந்தால் அமெல் இல்லை; அமெலில் கறுப்பு நிறமி உருவாகவே உருவாகாது. கண்மணியைப் பாருங்கள். அமெலுக்குப் பளிச்சென்ற சிவப்பு, ஹைப்போவுக்கு (கறுப்பு நிறமி குறைந்த வகை) கறுப்பு. அல்ட்ராமெலுக்கு (இதிலும் கறுப்பு நிறமி குறைவு, ஆனால் வேறு ஜீனால்) கருஞ்சிவப்பு: நிழலில் கறுப்பாகவே தெரியும், நல்ல வெளிச்சத்தில்தான் மாணிக்க நிறம் புலப்படும். தோல் உரிக்கும் முன் உடல் மங்கி, கண்ணில் நீலம் படரும். அப்போது பார்த்து ஏமாறாதீர்கள். உரித்த மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள்.

பதில் 2: வயிறு முக்கியமான தடயம். அமெலிலும் கட்டங்கள் வெளிர் ஆரஞ்சில் இருக்கும். அறவே இல்லையென்றால் மாட்லி அல்லது ஸ்ட்ரைப்; இவை நிறத்தை அல்ல, உடல் வடிவமைப்பை மாற்றும் வகைகள். முதுகுத் திட்டுகள் பக்கவாட்டில் இணைந்து, நடுவில் வட்டங்கள் தெரிந்தால் மாட்லி.

பதில் 3: அல்ட்ராவும் அமெலும் ஒரே ஜீனின் இரு வடிவங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி சேர்ந்ததே அல்ட்ராமெல். உங்கள் பாம்பு அல்ட்ராமெலாக இருந்து, வளர்ந்தபின் அமெலுடன் ஜோடி சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகள் அமெல், பாதி அல்ட்ராமெல். ஹைப்போவாக இருந்து, அது அமெல் ஜீனையும், ஜோடியான அமெல் ஹைப்போ ஜீனையும் மறைவாகச் சுமக்காவிட்டால், எல்லாம் சாதாரண நிறத்தில் வரும். அதுவரை காத்திருக்க வேண்டாம். உரித்த தோலை உலர்த்தி டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பலாம்.