பழைய ஃபோர் வீல் டிரைவில் ஸ்டீரிங் உதறல், அலைச்சல்: எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

முன்பக்கம் முழு ஆக்சில் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உறுதியான அச்சு) உள்ள பழைய வண்டிகளில் அதிகம் வரும் புகார் இதுதான். 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும். அடுத்த நொடி ஸ்டீரிங் இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி உதறும். வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். அந்த நேரத்தில் ஸ்டீரிங்கோடு மல்லுக்கட்டாமல் உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை விட்டு, மெதுவாக பிரேக் பிடிக்க வேண்டும்.

இதற்கு முதல் வைத்தியமாகப் பலர் புது ஸ்டீரிங் டாம்பர் (ஸ்டீரிங் கம்பிகளின் அசைவை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டாம்பர் உதறலை அமுக்கும், காரணத்தைத் தொடாது. உள்ளே தேய்ந்த இணைப்பு தேய்ந்துகொண்டே இருக்கும், சில மாதத்தில் உதறல் இன்னும் மோசமாகத் திரும்பி வரும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். வண்டி சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில். ஜாக்கி வேண்டாம், ஏனென்றால் எடை இறங்கிய நிலையில்தான் ஆட்டம் தெரியும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டு வைத்து, பவர் ஸ்டீரிங் இருந்தால் இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீரிங்கை நடுவிலிருந்து இருபுறமும் கால் சுற்றுக்கும் குறைவாக வேகமாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே ஒவ்வொரு இணைப்பின் மேலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டீரிங் பாக்ஸை சேசிஸோடு பிடிக்கும் போல்ட், பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வரும் கை), டிராக் லிங்க் (அந்தக் கையைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி), டை ராட் எண்ட் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை), பான்ஹார்ட் ராடின் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடிக்கும் கம்பி) இரண்டு முனை என்ற வரிசையில் போங்கள். ஒரு பாகம் அசைந்து அடுத்த பாகம் ஒரு கணம் தாமதமாக அசைந்தால் ஆட்டம் அந்த இடத்தில்தான்.

காயில் ஸ்பிரிங் வண்டியாக இருந்தால் பான்ஹார்ட் ராடை முதலில் சந்தேகப்படுங்கள். புஷ் (முனையில் உள்ள ரப்பர் உறை) நன்றாக இருந்தும் போல்ட் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கும். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் நிற்காது. துளையைச் சுத்தம் செய்து சரியான அளவு வாஷர் தகடு வெல்டிங் செய்ய வேண்டும், இல்லையென்றால் பிராக்கெட்டை மாற்ற வேண்டும்.

*

மேலே சொன்னதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை: டயர். நான்கிலும் காற்றழுத்தம் சரிபார்த்து, முன் டயர்களைப் பின்னால் போட்டு ஓட்டிப் பாருங்கள். உதறலின் தன்மை மாறினால் டயர் அல்லது பேலன்சிங். செலவே இல்லாத சோதனை இது.

*

பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு வேறு வகைக் கோளாறும் உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கும், காலை எடுத்தால் மறுபக்கம் இழுக்கும். இதற்காக முன்பக்கத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் கிடைக்காமல் திணறுபவர்கள் அதிகம். கோளாறு பின்னால் இருக்கும். பின் ஆக்சில் இடம் மாறி வண்டியைத் திருப்புகிறது. யூ போல்ட் (பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் U வடிவ போல்ட்) தளர்ந்திருக்கலாம், பட்டைக் கட்டை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்திருக்கலாம், பட்டையின் முன் கண் (சுருண்ட முனை) புஷ் கிழிந்திருக்கலாம். பின்னால் காயில் என்றால் டிரெய்லிங் ஆர்ம் (பின் ஆக்சிலை சேசிஸோடு பிடிக்கும் கை) புஷ்.

உறுதிப்படுத்த, சக்கரங்களை நேராக வைத்து முன் ஹப் மையத்திலிருந்து பின் ஹப் மையம் வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். தெளிவான வித்தியாசம் இருந்தால் ஆக்சில் கோணலாக நிற்கிறது. சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

யூ போல்ட்டைக் கழற்றினால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இறுக்கியதில் அது நீண்டிருக்கும், மறுபடி அதே பிடிமானம் கிடைக்காது. புதியதை நான்கு நட்டும் குறுக்கு வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக, மேனுவலில் சொன்ன டார்க் (இறுக்கும் அளவு) வரை ஏற்றுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி இறுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் ஆக்சில் நகர்ந்து சென்டர் போல்ட் அறுபடும்.

பட்டைகளுக்கு நடுவே துரு ஏறிப் பிடித்துக்கொண்டால் சவாரி கட்டை வண்டி மாதிரி ஆகிவிடும். ஷாக் அப்சார்பரைக் குறை சொல்வதற்கு முன் பட்டைக் கட்டைப் பிரித்து, துரு தேய்த்து, சேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸில் தொங்கவிடும் இணைப்பு) போல்ட் சுலபமாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். ஷாக் அப்சார்பரைச் சோதிக்க, கரடுமுரடான பாதையில் ஓட்டியதும் நான்கின் உடலையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்பவை சூடாக இருக்கும், செத்தது குளிர்ந்தே இருக்கும். சூடானது நன்றாகவே சுடும், விரலை வைத்தே அழுத்தாதீர்கள்.

*

உயரம் ஏற்றிய வண்டி நேராக ஓடாமல் அலைந்தால், திருப்பிய ஸ்டீரிங் தானாக நடுவுக்கு வராவிட்டால், காஸ்டர் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாயும் கோணம்) குறைந்திருக்கிறது. ரேடியஸ் ஆர்ம் (முன் ஆக்சிலை சேசிஸோடு பிடிக்கும் நீளக் கை) உள்ள காயில் வண்டியை 2 அங்குலம் ஏற்றினால் ஏறக்குறைய 2 டிகிரி போய்விடும். கம்பெனி அளவே 3 டிகிரி சுமார்தான் என்னும்போது மீதி என்ன இருக்கும்? துளை ஓரத்துக்குத் தள்ளிய காஸ்டர் புஷ் அல்லது திருத்திய ஆர்ம் போட்டு மீட்க வேண்டும்.

பட்டை வண்டியில் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு ஷிம் (ஒரு பக்கம் தடித்த தகடு) போடுவோம். பட்டை ஆக்சிலுக்கு மேலே இருந்தால் தடித்த பக்கம் பின்னோக்கி, கீழே இருந்தால் தடித்த பக்கம் முன்னோக்கி. திருப்பிப் போட்டால் காஸ்டர் இன்னும் குறைந்து வண்டி ஓட்டவே முடியாததாகிவிடும். அலுமினிய ஷிம் நசுங்கி விரிசல் விடும், இரும்பு ஷிம்மே வாங்குங்கள். ஷிம்மின் தடிமனுக்கு ஏற்ப நீளமான சென்டர் போல்ட்டும் தேவை. காஸ்டர் கூடக் கூட முன் டிஃபரன்ஷியலின் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழே இறங்கும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டின் கோணம் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உயரம் ஏற்றினால் பான்ஹார்ட் ராடு ஆக்சிலை ஒரு பக்கம் தள்ளும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு டிராக் லிங்க் நீளத்தையும் திருத்துங்கள். ஸ்டீரிங் வீலை மட்டும் கழற்றி நேராக மாட்டுவது தவறு. ஸ்டீரிங் பாக்ஸ் நடுவில்தான் ஆட்டமில்லாமல் இருக்கும்படி செய்யப்பட்டது. நேராகப் போகும்போது அது நடுவிலிருந்து விலகி நின்றால் எப்போதும் தளர்வாகவே இருக்கும்.

*

கிங் பின் பேரிங்கையும் (முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சின் பேரிங்) பார்க்க வேண்டும். இதற்கு மட்டும் வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். அப்படியே இருந்தால் கிங் பின்.

கிங் பின்னுக்கு டை ராடைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் தராசால் நக்கிளை (கிங் பின்னில் திரும்பும், சக்கரத்தைத் தாங்கும் பாகம்) இழுத்து, திரும்ப எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்து, மேனுவலின் அளவு வரும்வரை அங்கே உள்ள மெல்லிய ஷிம் தகடுகளைக் குறைக்க வேண்டும். மிக லேசாகத் திரும்பினால் பிரீலோடு (பேரிங்கை இறுக்கி வைக்கும் அழுத்தம்) போய்விட்டது, உதறலுக்கு இதுவே போதும். திரும்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால் பேரிங் பாதை குழி விழுந்துவிட்டது. ஷிம் உதவாது, பேரிங் மாற்ற வேண்டும்.

*

புது ரப்பர் புஷ் சில மாதத்திலேயே கிழிகிறது என்பவர்கள் ஒன்றைப் பாருங்கள்: கடைசி இறுக்கல் எந்த நிலையில் செய்தீர்கள்? சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கியே நிற்கும். போல்ட்டை மாட்டி, நட்டைக் கையால் மட்டும் ஏற்றி, வண்டியை இறக்கி, சில முறை குலுக்கி உட்காரவிட்டு, அப்புறம் டார்க் ரென்ச்.

ரேடியஸ் ஆர்மில் பாலியூரிதேன் புஷ் போடுவதை நான் ஏற்கமாட்டேன். அங்கே ஆர்ம் முறுக வேண்டும், பாலி அதை விடாது, அழுத்தம் பிராக்கெட்டுக்குப் போகும். சேக்கிளில் போடலாம், கிரீஸ் வைத்து.

டோ (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்வது கடைசி வேலை. டயர் நடுவில் சாக்கட்டியால் குறியிட்டு, ஹப் உயரத்தில் முன்னால் அளந்து, வண்டியை அரைச் சுற்று உருட்டி, அதே குறிகளைப் பின்னால் அளக்க வேண்டும். ரிம் வளைவு இருந்தாலும் இந்த முறையில் கணக்கு கெடாது. ரேடியல் டயருக்கு முன்பக்கம் 1 முதல் 3 மில்லிமீட்டர் குறுகலாக இருந்தால் பெரும்பாலும் சரியாக ஓடும். டை ராட் கிளாம்ப் போல்ட்டை இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள், இறுக்கும்போது ராடு லேசாகச் சுழன்றுவிடும்.