மண்டபத்துல நெட் படுத்துட்டா பாட்டுக்கு மாற்று ஏற்பாடு என்ன?

குழாய்_ஸ்பீக்கர்:

வணக்கம். கல்யாணம், சீமந்தம், காதுகுத்துன்னு சின்ன அளவுல சவுண்ட் சர்வீஸ். 8 சேனல் மிக்சர், ரெண்டு பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே இருக்கிறது), ஒரு மானிட்டர். பாட்டு முழுக்க போன்ல ஸ்ட்ரீமிங் ஆப் வழியாத்தான் போகுது. காலையில செட் போட்டு டெஸ்ட் பண்றப்ப நல்லா பாடுது. முகூர்த்தத்துக்கு நானூறு ஐநூறு பேர் வந்து உட்கார்ந்ததும், சிக்னல் கோடு குறையவே இல்ல, பாட்டு மட்டும் நின்னு சுத்திக்கிட்டே இருக்கு. நாதஸ்வர செட் வைக்காத வீடுகள்ல கெட்டிமேளமே ரெக்கார்டுதான், அந்த நேரத்துல நின்னா மானம் போயிடும்.

மாற்றா எதை வைக்கலாம்? மிக்சர்லயே இருக்கிற யூஎஸ்பி பிளேயர்ல பென்டிரைவ், ஒரு பழைய போன், இல்லைன்னா லேப்டாப். மூணும் கைவசம் இருக்கு. புதுசா பெருசா எதுவும் வாங்குற யோசனை இல்ல.

ஆம்ப்_ரேக்:

கேள்விய அப்படியே திருப்பிப் போடுங்க தம்பி. நெட் இல்லாம ஓடுறதுதான் மெயின். ஸ்ட்ரீமிங், யாராவது கேக்கிற பாட்டு கையில இல்லைன்னா தேடி எடுக்கிறதுக்கு மட்டும்.

கோடு காட்டுறது டவர்ல இருந்து வர்ற அலையோட பலத்தை. அதே டவரை எத்தனை பேர் பங்கு போடுறாங்கன்னு அது சொல்லாது. நல்ல தரத்துல பாட்டு கேக்கவே 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) போதும், ஆனா ஐநூறு போனும் வீடியோ கால், ஸ்டேட்டஸ்னு ஏத்துறப்ப அதுவும் உங்க பங்குக்கு வராது. வேற கம்பெனி சிம் போட்டா ஓரளவு தப்பிக்கலாம், நம்ப முடியாது. ஏன்னா வந்திருக்கிறவங்க எல்லா கம்பெனி சிம்மும் வெச்சிருப்பாங்க.

ஆப்லயே டவுன்லோட் பண்ணி வெச்சா ஆகாதான்னு அடுத்து கேப்பீங்க. ஆகும், சில நிபந்தனையோட. ஸ்பாட்டிஃபை, யூட்யூப் மியூசிக் ரெண்டுலயும் காசு கட்டின கணக்குக்குத்தான் அந்த வசதி. 30 நாளைக்கு ஒரு தடவையாவது அந்த போன் நெட்டைப் பார்க்கணும், இல்லைன்னா டவுன்லோட் பண்ணதும் பாடாது. அந்த ஃபைல் பூட்டு போட்டது, பென்டிரைவுக்கு மாத்த முடியாது. ஓசி கணக்குல ஓட்டினா நெட் இருந்தாலும் ஆபத்துதான்: தாலி கட்டுற நேரத்துல சோப்பு விளம்பரம் வந்தா யாரும் மறக்க மாட்டாங்க.

டவுன்லோட் சரியா இருக்கான்னு பார்க்க, ஃபிளைட் மோடு போட்டு, ஆப்பை மூடி, போனை ஒரு தடவை அணைச்சுப் போட்டுட்டு அப்புறம் பாட்டை ஓட்டிப் பாருங்க. ஆப் திறந்திருக்கிறப்பவே நெட்டை மட்டும் நிறுத்திப் பார்த்தா, ஏற்கெனவே தற்காலிகமா சேர்ந்திருக்கிறதைப் பாடிட்டு உங்களை ஏமாத்தும்.

மெயின் எந்தக் காரணத்தால படுக்குமோ, அதே காரணத்தால மாற்றும் படுக்கக் கூடாது. ரெண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல, ஒரே கேபிள்ல இருந்தா அது மாற்றே இல்ல. மாற்று எப்பவும் தனி சேனல்ல சொருகி, அடுத்த பாட்டைத் தயாரா நிறுத்தி, ஃபேடர் (சத்தத்தை ஏத்தி இறக்குற தள்ளு பட்டன்) கீழ இருக்கணும். கைய நகர்த்தினா பாட்டு வரணும்.

பேஸ்பின்:

உங்க மூணுல என் வரிசை: பழைய போன் மெயின், பென்டிரைவ் மாற்று, லேப்டாப் வேண்டாம். அண்ணன் சொல்லாம விட்ட பென்டிரைவ் சமாச்சாரம் நான் சொல்றேன், அங்கதான் நிறைய பேர் வழுக்கி விழுறாங்க.

32 ஜிபி எடுங்க, அதுக்கு மேல வேண்டாம். மலிவான பிளேயர் போர்டு (மிக்சர்ல பென்டிரைவைப் படிக்கிற சர்க்யூட்) நிறைய, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ்னு ஃபார்மேட் பண்ணதைப் படிக்காது, ஃபேட்32 மட்டுந்தான். 64 ஜிபிக்கு விண்டோஸ்ல வலது கிளிக் பண்ணி ஃபார்மேட் போனா ஃபேட்32ன்னு ஒண்ணு காட்டவே காட்டாது. 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிஷத்துக்கு 2.4 எம்பி, நாலு நிமிஷப் பாட்டு 10 எம்பிக்குக் கொஞ்சம் கம்மி. அப்போ 32 ஜிபியில மூவாயிரம் பாட்டு. ஒரு கல்யாணத்துக்கு எதுக்கு அதுக்கு மேல?

வாங்கினதும் எச்2டெஸ்ட்டபிள்யூன்னு, உண்மையான கொள்ளளவைச் சோதிக்கிற சாஃப்ட்வேரை ஓட்டிப் பாருங்க. போலி பென்டிரைவ் 32ன்னு காட்டும், உள்ள சிப் 8தான் இருக்கும். முதல்ல ஏத்தின பாட்டெல்லாம் பாடும், பின்னால ஏத்தினது கரகரன்னு வரும், இல்லைன்னா தாவிப் போகும்.

அடுத்தது வரிசை. கம்ப்யூட்டர்ல 001, 002ன்னு பேர் வெச்சு அழகா அடுக்கியிருப்பீங்க, பிளேயர் வேற வரிசையில பாடும். காரணம், இந்த போர்டுகள்ல பாதி பேரைப் பார்க்காது, ஃபைல் எந்த வரிசையில டிரைவ்ல பதிஞ்சுதோ அந்த வரிசையில போகும். முழு ஃபோல்டரையும் ஒரே இழுப்புல காப்பி பண்ணா அந்த வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. விண்டோஸ்ல டிரைவ்சார்ட், லினக்ஸ்ல ஃபேட்சார்ட்னு அந்த வரிசையை அடுக்கிக் கொடுக்கிற சாஃப்ட்வேர் இருக்கு, காப்பி முடிஞ்சதும் ஓட்டினா சரியாயிடும். அப்புறம் ஒரு பாட்டை நடுவுல சேர்த்தா மறுபடி ஓட்டணும்.

பேரை இங்கிலீஷ் எழுத்துல வைங்க. சின்ன டிஸ்ப்ளே தமிழைக் கட்டம் கட்டமாத்தான் காட்டும். பாட்டோட ஒட்டி வர்ற ஆல்பம் படம் பெருசா இருந்தா சில போர்டு ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலயும் ரெண்டு மூணு செகண்ட் திணறும். எம்பி3டேக்ங்கிற சாஃப்ட்வேர்ல படத்தை எடுத்து எறிங்க. மேக்ல இருந்து காப்பி பண்ணா ஒவ்வொரு பாட்டுக்கும் புள்ளியில ஆரம்பிக்கிற ஒரு குட்டி ஃபைல் கூடவே வரும், பிளேயர் அதையும் பாட்டுன்னு நினைச்சு முழிக்கும். அதையும் அழிச்சிடுங்க.

ஒரே மாதிரி ரெண்டு பென்டிரைவ். உடம்பு குட்டையானதா பார்த்து வாங்குங்க, நீளமானது மிக்சர்ல துருத்திக்கிட்டு நிக்கும், கை பட்டா சாக்கெட்டோட போகும். இன்னொண்ணு: பிளேயர்ல யூஎஸ்பி, புளூடூத்னு மாத்துற மோடு பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி அந்த சேனல் ஃபேடரை இறக்கிடுங்க. இல்லைன்னா "புளூடூத் மோட்"ன்னு அந்தப் பொம்பளைக் குரல் மண்டபம் முழுக்கக் கேக்கும்.

குழாய்_ஸ்பீக்கர்:

ரொம்ப நன்றி, ரெண்டு பேருக்கும். பழைய போனை இன்னிக்கே சொருகிப் பார்த்தேன். 3.5 எம்எம் ஹெட்போன் பின்ல இருந்து ஒரே ஒரு பெரிய ஜாக் வர்ற ஸ்டீரியோ கேபிள், மிக்சர் மைக்/லைன் சேனல்ல. பாட்டு வருது, தபலா வயலின் எல்லாம் சுத்திச் சுத்திக் கேக்குது, பாடுறவர் குரல் மட்டும் எங்கேயோ கிணத்துக்குள்ள. போன் ஜாக் போச்சா?

ஈயம்_பற்று:

போன் நல்லா இருக்கு சார், கேபிள்தான் தப்பு.

அந்த சேனல் இன்புட் பேலன்ஸ்டு. ஜாக்கோட நுனிக்கும் நடு வளையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கும். உங்க கேபிள் இடது பக்கத்தை நுனியிலயும் வலது பக்கத்தை வளையத்திலயும் கொண்டு வருது. அப்போ இடதுல இருந்து வலதைக் கழிச்சாத் தேறுறதுதான் ஸ்பீக்கருக்குப் போகும். குரல், பேஸ், கிக் டிரம் இதெல்லாம் ரெண்டு பக்கமும் சமமா பதியறது, கழிச்சதும் காணாமப் போகுது. போன்ல மோனோ போட்டுப் பார்த்தா சரியாகும்னு நினைச்சிடாதீங்க, அப்போ ரெண்டும் ஒண்ணேதான், கழிச்சா மொத்தமும் நின்னுடும்.

வேண்டியது 3.5 எம்எம் ஸ்டீரியோல இருந்து ரெண்டு 6.35 எம்எம் (பெரிய) மோனோ ஜாக்கா பிரியற கேபிள். ஸ்டீரியோ சேனல் (5/6, 7/8ன்னு போட்டிருக்கும்) இருந்தா ரெண்டையும் அதுல. இல்லைன்னா ரெண்டு மோனோ சேனல்ல, ஒண்ணுல பேன் குமிழை இடதுக்கும், இன்னொண்ணுல வலதுக்கும் திருப்பி. ஒரே சேனல்தான் மிச்சம்னா, போன் செட்டிங்ல அக்சஸிபிலிட்டியில மோனோ ஆடியோ போட்டு, ஒரு ஜாக்கை மட்டும் சொருகுங்க, மத்தது சும்மா தொங்கட்டும். அதோட உலோகம் எதிலயும் படாம டேப் சுத்திடுங்க.

நீங்களே கேபிள் பண்றதா இருந்தா, இடது வலது ரெண்டு கம்பியையும் நேரா முறுக்கிப் பத்த வைக்காதீங்க. போன்ல உள்ள ரெண்டு ஆம்பும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கும். ஒவ்வொரு கம்பியிலயும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டு, அதுக்கு அப்புறம் சேர்த்து நுனிக்குக் கொண்டு போங்க, ஷீல்டு (வெளி வலைக் கம்பி) ஜாக் உடம்புக்கு.

போன் வால்யூம் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேல, மீதியை மிக்சர் கெயின்ல. போனை சார்ஜர்ல போட்டதும் ஹம் (ஊம்ங்கிற சத்தம்) வந்தா, அது எர்த் சுத்துறது (ரெண்டு வழியா எர்த் ஆகுறதால கரன்ட் சுத்தி வர்றது), இல்லைன்னா மட்டமான சார்ஜரோட இரைச்சல். நிகழ்ச்சி நேரத்துல பேட்டரியிலயே ஓடட்டும். கட்டாயம் சார்ஜ் வேணும்னா போனுக்கும் மிக்சருக்கும் நடுவுல ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (நேரா கம்பித் தொடர்பு இல்லாம சிக்னலை மட்டும் கடத்துற பெட்டி). எர்த் பின்னை உடைச்சு ஹம்மை நிறுத்துற வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம், மைக் பிடிக்கிறவர் கையில ஷாக் அடிக்கும்.

பழைய போன்ல சிம்மைக் கழட்டிடுங்க. ஃபிளைட் மோடு, புளூடூத் ஆஃப், அலாரம் எல்லாம் அழிச்சிடணும். ஃபிளைட் மோடுலயும் அலாரம் அடிக்கும், காலை ஆறு மணி முகூர்த்தத்துல சரியா அடிக்கும். பாட்டுக்கு வீஎல்சி பிளேயர் ஆப் போதும்.

கண்_மானிட்டர்:

பேஸ்பின் லேப்டாப் வேண்டாம்னு சொன்னதுல எனக்கு முழுச் சம்மதம் இல்ல. ரிசப்ஷன்ல பொண்ணு மாப்பிள்ளை உள்ள வர்றப்ப பாட்டை ஒரு குறிப்பிட்ட வரியில இருந்து தொடங்கச் சொல்லுவாங்க, பென்டிரைவ்ல அது நடக்காது. லேப்டாப்ல நடக்கும். ஆனா சிஸ்டம் சவுண்ட் எல்லாம் "நோ சவுண்ட்ஸ்", ஸ்லீப் ஆஃப், அப்டேட் நிறுத்தி வைக்கணும். முக்கியமா, எல்இடி ஸ்கிரீன்காரர் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகின நிமிஷம் விண்டோஸ் சத்தத்தை அந்தப் பக்கம் திருப்பி விட்டுடும். மிக்சர்ல மீட்டர் ஆடாது, நீங்க கேபிளைத் தேடிக்கிட்டு இருப்பீங்க. சவுண்ட் செட்டிங்ல எச்டிஎம்ஐ அவுட்புட்டை டிசேபிள் பண்ணி வெச்சா வராது.

யாரும் கரன்ட்டைப் பத்திப் பேசல. நெட்டை விட அதிகமா பாட்டை நிறுத்துறது இபியில இருந்து ஜெனரேட்டருக்கு மாறுற அந்தச் சில செகண்டுதான். மிக்சர் செத்து எழுந்திருக்கும், யூஎஸ்பி பிளேயர் முதல் பாட்டுல இருந்து ஆரம்பிக்கும். பேட்டரியில ஓடுற போன் பாடிக்கிட்டேதான் இருக்கும், மிக்சர்தான் இருக்காது. கம்ப்யூட்டருக்கு வைக்கிற 600 விஏ யூபிஎஸ் ஒண்ணுல மிக்சரையும் வயர்லெஸ் மைக் ரிசீவரையும் மட்டும் போடுங்க, ஜெனரேட்டர் எடுக்கிற வரைக்கும் தாராளம். பவர்டு ஸ்பீக்கரை அதுல போடாதீங்க, பேஸ் அடிக்கிறப்ப ஓவர்லோடுல யூபிஎஸ்ஸே அணைஞ்சிடும்.

குழாய்_ஸ்பீக்கர்:

கேபிள் மாத்தியாச்சு, குரல் வந்தாச்சு. கடைசியா ஒண்ணு: பூட்டு இல்லாத பாட்டுக்கு எங்க போறது? பழைய பாட்டு மெதுவாவும் புதுப் பாட்டு கத்தலாவும் வருதே, அதுக்கு வழி?

ஆம்ப்_ரேக்:

கையில இருக்கிற சிடிய எக்ஸாக்ட் ஆடியோ காப்பிங்கிற சாஃப்ட்வேர்ல எடுங்க. ஐட்யூன்ஸ் கடையில காசு கொடுத்து வாங்குற பாட்டுக்கு 2009ல இருந்தே பூட்டு கிடையாது, 256 கேபிபிஎஸ் ஏஏசி (ஃபைல் பேர் எம்4ஏன்னு முடியும்). போன்ல நேராப் பாடும், பென்டிரைவுக்கு எம்பி3யா மாத்திக்குங்க, பல போர்டு எம்4ஏ படிக்காது. கல்யாணச் சடங்கு, ஊர்வலம், அதோட சேர்ந்த கொண்டாட்டத்துல பாட்டு போடுறதுக்கு 1957 காப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவுல விலக்கு இருக்கு. ஓட்டல்ல நடக்கிற புத்தாண்டு பார்ட்டிக்கு அது பொருந்தாது, லைசென்ஸ் எடுக்கணும்.

சத்தத்தைச் சமமாக்க எம்பி3கெயின்ங்கிற சாஃப்ட்வேர். மொத்த ஃபோல்டரையும் போட்டு, 89 டெசிபல்னு அதுவே வெச்சிருக்கிற அளவுலயே "டிராக் கெயின்" கொடுங்க. 1.5 டெசிபல் படியா ஏத்தி இறக்கும், பாட்டை மறுபடி கம்ப்ரஸ் பண்ணாது, ஃபைலுக்குள்ளயே எழுதிடுறதால எந்தப் பிளேயர்லயும் வேலை செய்யும். இதை முடிச்சிட்டு அப்புறம் பென்டிரைவுக்கு காப்பி, அதுக்கு அப்புறம் டிரைவ்சார்ட். கெட்டிமேளத்தை மட்டும் தனி ஃபோல்டர்ல, தனி பென்டிரைவ்ல, அந்த ஒரே ஃபைலா வெச்சுக்குங்க. ஐயர் கைய தூக்கினதும் தேடிக்கிட்டு இருக்க வேண்டாம்.