ஜார்ஜியோ மொரோடருக்கு 'மின்னணு நடன இசையின் தந்தை' பட்டம் சரியா?

மாடுலர்மணி:
இத்தாலிய இசைத் தயாரிப்பாளர் மொரோடருக்கு இந்தப் பட்டம் தர எல்லோரும் காட்டும் ஆதாரம் பெரும்பாலும் ஒரே பாட்டு: டோனா சம்மர் 1977-இல் பாடிய 'ஐ ஃபீல் லவ்'. அதில் ஒலிக்கும் மூக் மாடுலர் சிந்தசைசர் (மின்சாரத்தால் ஒலிகளை உருவாக்கும் கருவி) மொரோடருடையது அல்ல, எபர்ஹார்ட் ஷோனர் என்ற இசையமைப்பாளருடையது. அதை இயக்கத் தெரிந்தவர் ஷோனரின் உதவியாளர் ராபி வெடல். டேப்பின் ஒரு தடத்தில் துடிப்பைப் பதிந்து அதை வைத்துச் சீக்வென்சரை (சுரங்களை வரிசையாகத் தானே வாசிக்க வைக்கும் கருவியை) ஓட்டினால், அடுத்தடுத்துப் பதிவதெல்லாம் தாளம் பிசகாமல் உட்காரும் என்று செய்து காட்டியவர் அவர்தான். அந்த உத்தி இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை. பாட்டை எழுதியதில் இணைத் தயாரிப்பாளர் பீட் பெலோட்டுக்கும் சம்மருக்கும் பங்கு உண்டு. கிக் டிரம் வாசித்தது கீத் ஃபோர்சி. அப்புறம் பட்டம் மட்டும் ஒருவருக்கு எப்படி?

மியூனிக்77:
அதே மூக்கும் அதே வெடலும் ஷோனரிடமும் இருந்தார்களே! அங்கிருந்து ஏன் இப்படி ஒரு நடனப் பாட்டு வரவில்லை? கருவியைத் தெரிந்து வைத்திருப்பது வேறு, அதை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது வேறு. அந்தக் காலத்து டிஸ்கோ என்றாலே வயலின் கூட்டமும் பித்தளைக் குழல்களும்தான். 'ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே' ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டும் ஒரு காலத்தின் இசை. வருங்காலத்துக்கான பாட்டுக்கு மொரோடர் வாத்தியக் குழுவையே விலக்கினார். பேஸ் வரியை (தாழ்ந்த சுரங்களின் ஓட்டத்தை) ஒரு காதுக்கும், அதன் எதிரொலியைச் சற்றே தாமதித்து மறு காதுக்கும் அனுப்பினார். அந்த ஓட்டம் இரட்டிப்பாகக் கேட்பது அதனால்தான். மூக் சிறிது நேரத்திலேயே சுருதி விலகிவிடும் என்பதால் துண்டு துண்டாகப் பதிந்தார்கள். இத்தனையையும் ஒரே திசையில் இழுத்தவரைத்தானே தயாரிப்பாளர் என்கிறோம்?

வினைல்விரும்பி:
இருவரும் சம்மரை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் வருத்தம். கீழே இயந்திரம் இம்மி அசையாமல் ஓட, மேலே தலைக்குரலில் மிதப்பது அவர். அந்த மோதல்தான் பாட்டு. குரலை எடுத்துவிட்டுக் கேளுங்கள், நல்லதொரு சீக்வென்சர் ஓட்டம் மிஞ்சும். 1975-இல் 'லவ் டு லவ் யூ பேபி'யை ஏறக்குறைய 17 நிமிடம் தாங்கியதும் அதே குரல்.

மாடுலர்மணி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 2013-இல் டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு மின்னணு இசை இரட்டையரின் ஆல்பத்தில் மொரோடர் தன் கதையைத் தானே பேசுகிறார். டேப்பில் க்ளிக் வைத்து மூக்கோடு இணைத்ததும் அதில் வருகிறது. ஆனால் வெடலின் பெயர் வரவில்லை. உலகம் முழுக்கக் கேட்ட பதிவு அது. இன்னொன்று, அவர் ஹாலிவுட் போன பிறகு என்ன புதுமை? 1986-இல் 'டாப் கன்' படத்துக்கு 'டேக் மை பிரெத் அவே'. ஆஸ்கர் வாங்கிய மெல்லிசைதான், ஆனால் அதில் எந்த வருங்காலமும் இல்லை.

மியூனிக்77:
1978-இல் வந்த 'மிட்நைட் எக்ஸ்பிரஸ்' படத்தை விட்டுவிட்டீர்கள். அதில் 'சேஸ்' என்ற இசையைக் கேட்டிருக்கிறீர்களா? சிந்தசைசர் மையமான அந்தப் படத்தின் இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது. திரைக்குள் மின்னணு இசைக்கு அகலமாகக் கதவு திறந்தது அப்போதுதான். ஃபிரிட்ஸ் லாங்கின் மௌனப்படமான 'மெட்ரோபொலிஸ்'க்கு 1984-இல் ராக் பாடகர்களை வைத்துப் புது இசை போட்டதைப் பலர் திட்டினார்கள். எனக்கும் அது முழுதாகப் பிடிக்காது. ஆனாலும் பாதுகாப்பாக இருக்க நினைப்பவர் அதைத் தொடுவாரா?

வினைல்விரும்பி:
'சேஸ்' விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் 'தந்தை' பட்டத்துக்கு என் ஓட்டு இல்லை. ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில் கிராஃப்ட்வெர்க் என்ற மின்னணு இசைக் குழுவினர் அதே 1977-இல் 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் டெக்னோ என்ற மின்னணு நடன இசையைச் செய்த இளைஞர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். பட்டம் கொடுக்கத் தொடங்கினால் வரிசை நீளம்.