பழைய கியர்பாக்ஸுக்குப் பார்ட்ஸ் தேடி அலைந்த கதை: உங்களுடையதையும் சொல்லுங்கள்

வில்லிஸ்காரர்:
என்னிடம் ஒரு சிஜே-3பி ஜீப் இருக்கிறது. மூன்று கியர் டி-90 பாக்ஸ், முதல் கியருக்குச் சின்க்ரோ (ஓடும்போதே கியர் கரகரக்காமல் விழ இரண்டு வேகத்தையும் ஒன்றாக்கும் ரிங்) கிடையாது. வண்டி முழுதாக நிற்பதற்குள் முதல் கியரைத் திணிக்கும் பழக்கம் எனக்கு முன்னால் வைத்திருந்த யாருக்கோ இருந்திருக்கிறது. கிளஸ்டர் கியரில் (பல பல்வரிசைகள் ஒரே துண்டாக இருப்பது) இரண்டு பல் பாதியோடு போயிருந்தது. கூடவே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் உறுமிக்கொண்டிருந்ததால், இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருந்த வருஷத்தை, 1954 என்று, சொல்லி மொத்தமாக ஆர்டர் போட்டேன்.

வந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸின் நடு ஷாஃப்ட் ஓட்டைக்குள் நுழையவே இல்லை. ஓரத்தில் பிசிறு இருக்கும் என்று நினைத்து அரை மணி நேரம் எமரி பேப்பரால் தேய்த்தேன். (சிரிக்காதீர்கள்.) பிறகுதான் வெர்னியரை எடுத்தேன். வந்தது ஒன்றேகால் அங்குலம், என் கேஸுக்கு வேண்டியது ஒன்றும் எட்டில் ஒரு பங்கும். ஸ்பைசர் 18 என்கிற இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் இந்த ஷாஃப்ட் மூன்று அளவில் வந்திருக்கிறது, மிகப் பழையதில் முக்கால் அங்குலம்தான். 1954 வண்டிக்குப் பெரிய ஷாஃப்ட்தான் சரி. ஆனால் என் வண்டியில் இருந்த கேஸ் 1954 கேஸே இல்லை. எழுபது வருஷத்தில் யாரோ, எங்கேயோ, கைக்குக் கிடைத்ததை மாட்டி வண்டியைக் கிளப்பியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதிலிருந்து யாரிடமும் வண்டி வருஷத்தைச் சொல்வதில்லை. கேஸின் வார்ப்பிலேயே இருக்கும் எழுத்து, ஷாஃப்டின் விட்டம், பல் எண்ணிக்கை, இவ்வளவுதான். கிளஸ்டர் கியருக்கான தேடல் இன்னும் நடக்கிறது. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

பீட்டில்காரர்:
வருஷத்தை நம்பிக் கெட்டவன் இங்கே இன்னொருவன். பீட்டிலின் பழைய பாக்ஸ் இரண்டு பாதியாகப் பிளந்து போல்ட் போட்டது. 1961 மாடலிலிருந்து ஒரே வார்ப்பில் வந்த கேஸ், நான்கு கியருக்கும் சின்க்ரோ. உள்ளே இருக்கும் பார்ட்ஸும் ஒன்றுக்கு மற்றது சேராது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் போனது, ஃபோக்ஸ்வாகனின் மாடல் வருஷம் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும் என்பது. ஆக 1960 கடைசியில் செய்த வண்டி 1961 மாடல். என் பேப்பரில் 1960 என்று இருந்தது, நானும் பிளந்த கேஸுக்கான இரண்டாம் கியர் சின்க்ரோ ரிங்கை ஐந்து மாதம் வலைவீசித் தேடி வாங்கிவிட்டேன். வண்டியின் அடியில் படுத்து ஒரு தடவை பார்த்திருந்தால் கேஸில் நடுக்கோடு இல்லை என்று தெரிந்திருக்கும்.

கடைசியில் ஒரு ரிங்குக்காக முழு பாக்ஸ் ஒன்று வாங்கினேன். திறந்தால் உள்ளே ஆயில் பாதி, தண்ணீர் பாதி. மெயின் ஷாஃப்ட் துருப்பிடித்துச் செங்கல் நிறத்தில் இருந்தது. பித்தளை ரிங் மட்டும் புதுசு மாதிரி! மற்றதை எல்லாம் பிரித்துத் துடைத்து வைத்திருக்கிறேன், மூடி, ஃபோர்க், ஸ்பிரிங் எதையும் தூக்கிப் போடவில்லை. பார்ட்ஸ் எடுப்பதற்கென்றே பழைய பாக்ஸ் வாங்குகிறவர்கள் டிரெயின் போல்ட்டைக் கழற்றி வருவது என்னவென்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பேரிங் பைத்தியம்:
பேரிங்கை மட்டும் பழைய வண்டி பார்ட்ஸ் என்று தேடாதீர்கள், தயவுசெய்து. பழையதைத் துடைத்து விளிம்பில் உள்ள நம்பரைப் படியுங்கள். 6206 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: உள்விட்டம் 30 மிமீ. வெளிவிட்டம் 62, அகலம் 16. இன்றைக்கும் ஏதோ ஒரு மோட்டாரில் ஓடிக்கொண்டிருக்கும் சரக்கு. வெளி வளையத்தில் சர்க்ளிப்புக்கு (பேரிங்கை நகராமல் பிடிக்கும் கம்பி வளையம்) காடி இருந்தால் நம்பரோடு என்ஆர் சேர்த்துக் கேளுங்கள், அதை மறந்தால் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகரும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் அங்குல பேரிங் வரும், அது கொஞ்சம் தேட வேண்டியிருக்கும், ஆனாலும் கிடைக்கும். வண்டியின் பெயர் அச்சிட்ட டப்பாவில் ‘அரிய பொருள்’ என்று எனக்கு விற்ற பேரிங்கின் விளிம்பில் 6306 என்று பொறித்திருந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு மாட்டினேன்.

புல்லட்காரர்:
நான் கிடைக்காத பொருளைச் செய்தே விடலாம் என்று இறங்கியவன். பழைய நான்கு கியர் ஆல்பியன் பாக்ஸ். குதிகாலால் ஒரு மிதி, நேராக நியூட்ரல் என்று அந்தச் சின்ன லிவர் ஒன்று இருக்குமே, அதற்காகவே ஐந்து கியர் பாக்ஸுக்கு மாறாமல் பிடிவாதமாக வைத்திருக்கிறேன். ஒரு பல்சக்கரம் போய்விட்டது. தேய்ந்ததை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், “இதே மாதிரி ஒன்று போடுங்கள் அண்ணே” என்றேன். அவர் அதே மாதிரி போட்டார். அதுதான் பிரச்சினை. தேய்ந்த பல்லை அளந்து தேய்ந்த பல்லையே செய்து வாங்கி வந்திருக்கிறேன்.

இன்னொன்று, அங்குல அளவில் பிறந்த பல்சக்கரங்கள் மாட்யூல் கணக்கில் (பல்லின் அளவைச் சொல்லும் மில்லிமீட்டர் கணக்கு) இருக்காது, அவற்றுக்கு டயமெட்ரல் பிட்ச் என்ற அங்குலக் கணக்கு. உதாரணத்துக்கு 10 டயமெட்ரல் பிட்ச் என்பது 2.54 மாட்யூல். பட்டறையில் 2.5 கட்டர் இருக்கும். “கிட்டத்தட்ட ஒன்றுதானே” என்பார்கள். கையில் வைத்துச் சுற்றினால் ஒன்றுதான். லோடில் ஒவ்வொரு பல்லும் தப்பான இடத்தில் இடிக்கும்.

மூன்றாவது தப்பு முழுக்க என்னுடையது. கிடைத்த இரும்பில் வெட்டி, மேலாகச் சூடேற்றி எண்ணெயில் முக்கினால் போதும் என்று நினைத்தேன். சில வாரத்தில் பல்லின் முகம் செதில் செதிலாக உதிர்ந்தது. டிரெயின் செய்த எண்ணெய் வெள்ளிப் பெயின்ட் மாதிரி வந்தது. கியருக்கு மேல்தோல் கடினமாக, ராக்வெல் கடினத்தன்மை அளவில் (சி ஸ்கேல்) 58 முதல் 62 வரை இருக்க வேண்டும். உள்ளே மட்டும் இடியைத் தாங்கும்படி இளக்கமாக இருக்க வேண்டும். அதற்கென்று கார்பன் குறைந்த அலாய் ஸ்டீல், அதைச் சூட்டில் கார்பனில் ஊறவைத்து மேல்தோலை மட்டும் கடினமாக்கும் கேஸ் ஹார்டனிங். அந்தச் சூட்டில் சக்கரம் கொஞ்சம் கோணிக்கொள்ளும், ஆகவே உள் துளையைக் கடைசியில்தான் கிரைண்டிங் செய்ய வேண்டும். துளையை முதலிலேயே சரியான அளவுக்கு முடித்துக் கொடுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் தடவை கியர் மட்டுமே வெட்டுகிற இடத்துக்குப் போனேன். அவர் தேய்ந்த பல்லைப் பார்க்கவே இல்லை. பல் எண்ணிக்கை, இரண்டு ஷாஃப்டுக்கு நடுவே உள்ள தூரம், அதோடு சேர்ந்து ஓடும் எதிர்ச் சக்கரம், மூன்றையும் கேட்டார். எதிர்ச் சக்கரத்தையும் புதிதாகப் போடச் சொன்னார். ஒன்றுக்கே வழியில்லாமல் வந்தவனிடம் இரண்டா என்று கசந்தது. போட்டேன். சத்தமில்லாமல் ஓடுகிறது.

எம்ஜிபிகாரர்:
புல்லட் அண்ணே, நீங்கள் செய்து பட்டது, நான் வாங்கிப் பட்டது. எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் 1967 வரைக்கும் வந்த, நான்கில் மூன்று கியருக்கு மட்டும் சின்க்ரோ உள்ள பாக்ஸ் என்னுடையது. அதற்குப் பழைய ஸ்டாக், டப்பா பிரிக்காதது என்று ஒரு சின்க்ரோ ரிங் கிடைத்தது. லேபிள் சரி, பார்ட் நம்பர் சரி, மஞ்சள் பூத்த எண்ணெய்த்தாள்கூடச் சரி. பிரித்தால் உள்ளே தேய்ந்துபோன ரிங். எந்தக் காலத்திலோ ஒரு மெக்கானிக் புதியதை எடுத்து மாட்டிவிட்டு, கழற்றியதை அதே டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறார். விற்றவரும் திறந்து பார்க்கவில்லை, பணத்தைத் திருப்பிவிட்டார்.

அடுத்து வாங்கியது புதுத் தயாரிப்பு. கியரின் கூம்பின் மேல் ரிங்கை வைத்து அழுத்தித் திருகினால் பிடிக்க வேண்டும், அது வழுக்கியது. ரிங்குக்கும் கியரின் சின்னப் பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போட்டுப் பார்த்தேன், தேய்ந்த பழைய ரிங்குக்கு இருந்த இடைவெளியே இதற்கும்! பாக்ஸை மூடிய பிறகு தெரிந்திருந்தால் இஞ்சினோடு மறுபடி இறக்க வேண்டியிருக்கும். மூன்றாவதுதான் உட்கார்ந்தது.

ஆயில் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜிஎல்-5 என்ற தரக் கியர் ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையைத் தின்னக்கூடும். எம்ஜிபி பாக்ஸுக்கு வண்டியோடு வந்த புத்தகமே இஞ்சின் ஆயிலைத்தான் சொல்கிறது. ‘கியர் ஆயில்தானே’ என்று கெட்டியாக எதையோ ஊற்றிவிட்டு ரிங் தேடி அலைகிறவர்களில் பாதிப் பேர் ஊற்றிய ஆயிலை மாற்றினாலே போதும் என்பது என் சந்தேகம்.

வெஸ்பாகாரர்:
உங்கள் வலிக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமில்லை. இரண்டாம் கியர் தானாக விடுபட்டது. உள்ளே சிலுவை மாதிரி ஒரு துண்டு நகர்ந்து போய் ஒவ்வொரு கியரையும் பூட்டும், அதன் முனை மழுங்கியிருந்தது. பொருள் எங்கும் கிடைக்கிறது. ஆனால் தட்டையாக ஒன்று, கைகள் வளைந்ததாக ஒன்று என்று வருகிறது, மாற்றிப் போட்டால் கியர் சரியாக விழாது. நான் போட்டேன், விழவில்லை. அவ்வளவுதான்.

வில்லிஸ்காரர்:
கிளஸ்டர் கியர் கிடைத்துவிட்டது! விற்றவரிடம், வெர்னியரைப் பல்லின் மேல் வைத்து ஒரு படம், ஒவ்வொரு வரிசையிலும் முதல் பல்லில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு படம் கேட்டேன். எரிச்சல்பட்டாலும் அனுப்பினார். பற்களை நான்கு தடவை எண்ணிவிட்டுத்தான் சரி என்றேன். கிளஸ்டர் சுழல உள்ளே வரும் ஊசி ரோலர்கள் என்னுடையவையே நன்றாக இருந்தன.

பேரிங் பைத்தியம்:
எல்லாவற்றையும் மைக்ரோமீட்டரில் அளந்தீர்களா? எட்டில் ஒரு பங்கு அங்குலம் என்பது 3.175 மிமீ. நடுவில் ஒரு 3 மிமீ ரோலர் கலந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அது சும்மா இருக்கும், மற்றவை சுமக்கும்.

வில்லிஸ்காரர்:
அளந்தேன் சார், ஒரே அளவு. கிரீஸ் தடவி ஒவ்வொன்றாக ஒட்டி, ரோலர்கள் விழாமல் பிடிக்க டம்மி ஷாஃப்ட் போட்டு, கிளஸ்டரை இறக்கி, உண்மை ஷாஃப்டைத் தட்டி ஏற்றி, மூடியை இறுக்கி, கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் மேஜைத் துணியின் மடிப்பில் ஒரு ரோலர் மின்னுகிறது.

மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.