ரைபோசைமுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

ஈசூன் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தமிழ் மொழி மாதத்தை ஒட்டி, சிங்கப்பூர் உயர்நிலை மாணவர்களுக்கு நூலகத்தில் ஓர் அறிவியல் உரை இருக்கிறது. துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் நொதிக்கு (என்சைம்) உதவும் சிறு மூலக்கூறான கோஎன்சைமுக்குத் 'துணைநொதி' என்று போட்டுவிட்டேன். நொதிபோல் வேலை செய்யும் ஆர்.என்.ஏ.வான (டி.என்.ஏ.வுக்கு உறவான மூலக்கூறு) ரைபோசைமுக்கு என்ன போடுவது? பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். கேட்டவுடன் விளங்காத சொல்லானால் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

தெம்பனிஸ் ஐயா எழுதியது:

அம்மா, ரகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது. குறைந்தது 'இரைபோசைம்' என்றாவது எழுதுங்கள். என் பரிந்துரை 'தன்னறுப்பி'. 1982இல் தாமஸ் செக் குழுவினர் டெட்ராஹைமினா என்னும் ஒற்றைச் செல் உயிரியில் கண்டது என்ன? ஓர் ஆர்.என்.ஏ. இழை, புரதத்தின் உதவியே இல்லாமல், தன் நடுவில் இருந்த துண்டைத் தானே வெட்டி எறிந்து முனைகளை ஒட்டிக்கொண்டது. தன்னை அறுப்பது தன்னறுப்பி.

இன்னொன்று. நொதித்தல் என்றால் புளித்து நுரைத்துப் பொங்குதல். 'என்சைம்' என்ற சொல்லுக்குள் இருப்பதும் கிரேக்கரின் புளித்த மாவுதான். நம் மலாய் அண்டை வீட்டார் தாப்பாய் என்னும் புளித்த பண்டம் செய்யப் போடும் புளிப்பு வில்லைக்கு 'ராகி' என்று பெயர். அது நம் கேழ்வரகிலிருந்து போன சொல்லாக இருக்குமோ? யாராவது ஆராய வேண்டும்.

ஆய்வுக்கூடத் தம்பி எழுதியது:

ஐயா, 'இரைபோசைம்' என்றால் இரைப்பையில் சுரக்கும் ஏதோ நீர் என்று நினைத்துவிடுவார்கள்.

தன்னறுப்பியும் சரிப்படாது. வினையை விரைவுபடுத்தும் வினையூக்கி என்றால் வேலை முடிந்தபின் பழைய உருவோடு மீள வேண்டும். தன்னையே அறுத்துக்கொண்ட இழை எப்படி மீளும்? அந்தக் குறையைத் தீர்த்தது 1983இல் சிட்னி ஆல்ட்மன் பங்கேற்ற ஆய்வு. ஆர்.என்.ஏஸ்-பி என்ற நொதியின் ஆர்.என்.ஏ. பகுதி மட்டுமே தனியாக நின்று பிற இழைகளை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டியது. அவருக்கும் செக்குக்கும் 1989இல் நோபெல் பரிசு. வெட்டுவது மட்டுமா? செல்லில் புரதம் உருவாகும் ரைபோசோமில் அமினோ அமிலங்கள் கோக்கப்படும் இடமும் ஆர்.என்.ஏ.தான். ரைபோசோமின் கட்டமைப்பை ஆராய்ந்து 2009இல் நோபெல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். கோப்பதை அறுப்பி என்போமா?

'ஆர்.என்.ஏ. நொதி' போதும் என்பது என் கருத்து.

சிராங்கூன் அம்மா எழுதியது:

ரைபோசைம் கிடக்கட்டும். 'துணைநொதி'யை எல்லாரும் எப்படி விட்டுவிட்டீர்கள்? தமிழில் தலைமைச் சொல் பின்னால் வரும். துணைநொதி என்றால் நொதியில் ஒரு வகை என்றாகிறது. நியாசின் என்னும் வைட்டமினிலிருந்து உடல் ஆக்கிக்கொள்ளும் என்.ஏ.டி. என்ற கோஎன்சைம் ஒரு நொதியா? ஒரு மூலக்கூறிடம் எலக்ட்ரான்களை வாங்கி இன்னொன்றிடம் சேர்க்கிறது, அவ்வளவுதான். அதை வேலை வாங்குவது நொதி. வழித்துணை, பேச்சுத்துணை என்கிறோமே, அதுபோல் 'நொதித்துணை' என்பதே முறை.

தெம்பனிஸ் ஐயா எழுதியது:

துணைவேந்தர் வேந்தரா அம்மா? வழங்கிவிட்டது, விடுங்கள். 'கடிசொல் இல்லை', வழக்கில் வந்த சொல்லைக் கடிந்து விலக்க வேண்டாம் என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார்.

சிராங்கூன் அம்மா எழுதியது:

நேற்று ரகரத்தைக் கடிந்தவர் தாங்கள்தானே ஐயா?

ஆய்வுக்கூடத் தம்பி எழுதியது:

அம்மாவின் இலக்கணம் சரி. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. என்.ஏ.டி., எஃப்.ஏ.டி., கோஎன்சைம்-ஏ என்ற மூன்று கோஎன்சைம்களையும் வரைந்து பாருங்கள். மூன்றிலும் ஆர்.என்.ஏ.வில் இருக்கும் அதே அடினின் துண்டு வால்போல் ஒட்டியிருக்கும். வினையில் இறங்குவதோ வேறு முனை. சும்மா இருக்கும் அந்த வால் எதற்கு? ஆர்.என்.ஏ.வே நொதி வேலை பார்த்த காலத்தின் மிச்சம் அது என்று 1976இல் ஹெரால்ட் வைட் என்ற உயிர்வேதியியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். ரைபோசைம் அப்போது கண்டுபிடிக்கப்படவே இல்லை! அவர் சொன்னது மெய்யானால் துணைநொதியின் முன்னோர் நொதிதான். அப்போது பழைய சொல்லே வரலாற்றுப்படி பொருந்திவிடுகிறது.

சிராங்கூன் அம்மா எழுதியது:

அரசரின் பேரன் இன்று கடை வைத்திருந்தால் அவரை அரசர் என்று அழைப்பதில்லை தம்பி.

ஈசூன் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். 'நொதித்துணை' என்றதும் ஒரு மாணவி "நொதிக்குத் துணைக்குப் போவதா?" என்றாள். சரியாகத்தான் பிடித்துக்கொண்டாள். ஆனால் துண்டறிக்கையைச் சரிபார்ப்பவர் அகராதியில் இல்லாத சொல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே 'துணைநொதி', 'ஆர்.என்.ஏ. நொதி'. நொதி என்றால் புரதம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்த வரியை மட்டும் நீக்கிவிட்டேன். உரையில் 'நொதித்துணை' என்றே பேசப்போகிறேன். பேச்சை யாரும் சரிபார்ப்பதில்லை.

தெம்பனிஸ் ஐயா எழுதியது:

மகிழ்ச்சி. ராகியைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.